மலைமேல் படகு எதற்கு? அடிவாரத்தில் வசதி செய்க!

ஞாயிற்றுக்கிழமை காலை. கடமலைக்குண்டு கடைவீதியில் வேன் ஒன்று வந்து நிற்கிறது. பாட்டி முதல் பேரன் வரை குடும்பமே உள்ளே இருக்கிறது. வேனின் தலையில் சோற்று அண்டா. டிரைவர் இறங்கி வழி கேட்கிறார்.

"அண்ணே, சின்னச்சுருளி அருவிக்கு எப்படிப் போகணும்? குளிச்சுட்டு, அப்படியே மேகமலை ஏரியையும் பார்த்துட்டுத் திரும்பணும்."

டீக்கடைக்காரர் சிரிக்கிறார். "அருவி இந்தப் பக்கம், ஏரி மலைக்கு அந்தப் பக்கம். ஒரே நாள்ல ரெண்டும் நடக்காது தம்பி!"

வெளியூர்க்காரர்கள் இப்படி ஏமாந்து போவது சகஜம். அவர்கள் மேல் குற்றம் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் மலை ஒன்றுதான். ஆனால் அந்த மலைக்கு வாசல் இரண்டு.

ஒரு மலை, இரண்டு வாசல்

மேகமலை ஏரிகளுக்கு மோட்டாரில் போக வேண்டுமானால் சின்னமனூருக்குப் போக வேண்டும். அங்கிருந்து தென்பழனி சோதனைச் சாவடி. அதற்கு மேல் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். வண்டி திரும்பத் திரும்பக் குழந்தைகள் பெயரைச் சத்தம் போட்டுப் படிப்பார்கள். பாட்டிக்குத் தலை சுற்றும்.

மேலே போனால் தேயிலைத் தோட்டம். தோட்டத்துக்கு நடுவே தண்ணீர். உயரம் சுமார் 5,000 அடி. மேகம் சாலையில் இறங்கி நடந்து வரும். ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று ஒன்றன்பின் ஒன்றாக நீர்நிலைகள். பார்க்கிறவர்கள் "ஏரி, ஏரி" என்கிறார்கள். உண்மையில் அவை ஏரிகள் அல்ல, அணைகள். மின்சாரத்துக்காகக் கட்டியவை. அந்தத் தண்ணீர்தான் மலையை விட்டு இறங்கி, 1978-ம் ஆண்டு முதல் சுருளியாறு மின் நிலையத்தைச் சுற்ற வைக்கிறது. 35 மெகாவாட் மின்சாரம். அந்த வேலை முடிந்ததும் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகிறது. வயலுக்குப் பாய்ந்தது போக மிச்சம் வைகை அணைக்கு.

கடமலைக்குண்டு இருப்பது மலைக்கு மறுபக்கம். வருசநாட்டுப் பள்ளத்தாக்கு. இங்கே தேயிலை இல்லை. தென்னை உண்டு, இலவ மரம் உண்டு, கொட்டை முந்திரி உண்டு. ஊரை ஒட்டி மூல வைகை ஓடுகிறது. "ஓடுகிறது" என்று சொல்வது மரியாதைக்கு! வருஷத்தில் பல மாதம் வெறும் மணல்தான். மழை பெய்தால் மட்டும் ஆறு.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். குமணந்தொழு, கோம்பைத்தொழு. தொழு என்றால் மாட்டுக் கொட்டில். கடமலைக்குண்டு வழியாகக் கோம்பைத்தொழுவுக்குப் போனால், அங்கே மலையடிவாரத்தில் சின்னச்சுருளி விழுகிறது. மேகமலை அருவி என்றும் சொல்லுகிறார்கள். வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது.

ஆக, மலையின் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் கடைசியில் போய்ச் சேருவது ஒரே இடம். வைகை அணை. அங்கிருந்து மதுரைக்குக் குடிதண்ணீர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

"அப்பா, படகு உண்டா?"

ஏரியைக் கண்டதும் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெரியவர்களுக்கும் அந்த ஆசை இருக்கிறது. "இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு இரண்டு படகு விட்டால் என்ன? ரோப் கார் போட்டால் என்ன? நாலு பெரிய ஓட்டல் வந்தால் ஊர் முன்னேறாதா?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். பக்கத்து மலையைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

கொடைக்கானல் ஏரி உல்லாசத்துக்கென்றே உண்டாக்கிய ஏரி. 1863-ம் ஆண்டில், மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு துரை ஓடையை மறித்துக் கரை போட்டார். படகும் அவர்கள் கொண்டு வந்ததுதான். அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது. பங்களா வந்தது, கடை வந்தது, லாட்ஜு வந்தது, கடைசியில் ஊரே மோட்டார் நெரிசலில் மூச்சுத் திணறியது. 2024-ம் ஆண்டு மே 7-ந் தேதி முதல், கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகிறவர்கள் இ-பாஸ் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று சென்னை ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. மலைக்குப் போகக் கோர்ட்டு சீட்டு கொடுக்கச் சொல்லுகிற நிலைமை! இன்னொரு மலையை அந்தக் கதிக்கு ஆளாக்க வேண்டுமா?

இன்னொரு பக்கம் தேக்கடி. அதுவும் ஏரி அல்ல. பென்னி குயிக் துரை கட்டி, 1895-ம் ஆண்டு திறந்த பெரியாறு அணையால் தேங்கிய தண்ணீர். தண்ணீருக்குள் இன்றைக்கும் பட்ட மரங்கள் நிற்பதைப் பார்க்கலாம். அங்கே படகு உண்டு. ஜனங்கள் ஆசையாகப் போகிறார்கள். ஆனால் 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி மாலை என்ன நடந்தது? இரட்டை மாடிப் படகு ஒன்று கவிழ்ந்தது. 45 பேர் மாண்டு போனார்கள். கரையில் மிருகங்கள் நிற்பதைக் கண்டு படகில் இருந்தவர்கள் ஒரே பக்கமாக எழுந்து ஓடினார்கள். படகு சாய்ந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. லைப் ஜாக்கெட் போட்டிருந்தால் பல உயிர்கள் பிழைத்திருக்கும்.

படகே கூடாது என்பதல்ல. பெரிய படகுத் துறை இருந்த தேக்கடியிலேயே இந்தக் கதி என்றால், 18 வளைவுக்கு மேலே மேகம் மூடிக் கிடக்கும் அணையில் ஒரு விபத்து நடந்தால் யார் வந்து தூக்குவது? சின்னமனூர் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விடும்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. மின்சார அணையில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்காது. மின்சாரம் எடுத்தால் இறங்கும். கோடையில் கரை ஓரம் சேறும் சகதியுமாகக் கிடக்கும். அந்தச் சேற்றில் பதிந்திருக்கும் பெரிய வட்டங்கள் என்ன தெரியுமா? யானையின் காலடி. இரவில் அது குடித்த தண்ணீரில்தான் பகலில் படகு விடச் சொல்லுகிறார்கள்.

அரிசி தின்ற யானை

யானை என்றதும் அரிக்கொம்பனின் ஞாபகம் வரும். அரிசிக்கு ஆசைப்பட்ட யானை. கேரளத்தில் சின்னக்கானல் பக்கம் வீட்டையும் ரேஷன் கடையையும் உடைத்து அரிசி தின்று பழகியது. 2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது சும்மா இருக்குமா? மலையோடு மலையாக நடந்து மேகமலைக்கு வந்தது. உடனே மேகமலைக்கு யாரும் வரக் கூடாது என்று தடை போட்டார்கள். மே 27-ந் தேதி கம்பம் நகரத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. தெருவெல்லாம் ஓட்டம். ஜூன் 5-ந் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, திருநெல்வேலிச் சீமையில் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு போனார்கள்.

ஒரு யானை மனிதனின் அரிசிக்குப் பழகியதால் இரண்டு மாநிலங்கள் அல்லாடின. அருவிக்கரையில் பிரியாணி மிச்சத்தைக் கொட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். "குரங்குதானே, தின்னட்டும்" என்று வாழைப்பழம் நீட்டுகிறவர்களும்தான். இன்றைக்குக் கையால் வாங்கித் தின்னும் குரங்கு, நாளைக்குக் குழந்தையின் கையைக் கடித்துப் பிடுங்கும். கொடுக்காதவனைத் திருடனைப் போலப் பார்க்கும்!

வேறு என்னதான் வேடிக்கை?

படகு இல்லாவிட்டால் குடும்பத்தோடு போய் என்ன செய்வது? நிறைய இருக்கிறது.

ஊஞ்சலும் பூங்காவும் கேட்கும் சின்னக் குழந்தைகளுக்கு மலை தேவையே இல்லை. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை இருக்கிறது. காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது, 1959-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி திறந்த அணை. இரண்டு கரையிலும் பூங்கா உண்டு. நடுவில் சின்னப் பாலம். தண்ணீர் திறந்துவிடும் நாளில் அந்தப் பாலத்துப் பக்கம் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கும். 71 அடி வரை தண்ணீர் தேங்கும். அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு காலத்தில் ஊர்கள் இருந்தன. வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு ஜனங்கள் வெளியேறினார்கள். அந்தக் கதையைத்தான் வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்று எழுதினார். 2003-ம் ஆண்டு சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. குழந்தைகளுக்கு ஊஞ்சல் ஆட்டிக்கொண்டே பெரியவர்கள் இந்தக் கதையைச் சொல்லலாம்.

குளிக்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சின்னச்சுருளி. பெயரில்தான் சின்னது. மழைக்காலத்தில் போய்ப் பார்த்தால் அது சின்னதா பெரியதா என்று தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைத் தாய்மார்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

மேலே மழை, கீழே வெயில்

அருவிக்கரையில் வெயில் அடிக்கும். வானம் தெளிவாக இருக்கும். பிள்ளைகள் பாறை மேல் விளையாடுவார்கள். ஆனால் மலை உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. உச்சியில் விழுந்த மழை, பல ஓடைகளில் ஓடி, ஒரே ஓடையில் சேர்ந்து, ஒரே பாய்ச்சலாக அருவிக்கு வரும். முழங்கால் அளவு தண்ணீர் நிமிஷத்தில் ஆளை அடிக்கும் வெள்ளமாகிவிடும்.

வெள்ளம் பல சமயம் சில அடையாளங்கள் காட்டும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கும். செம்மண் நிறமாக மாறும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அருவியின் சத்தம் கனக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் போதும். சோப்பு டப்பாவைத் தேடக் கூடாது. துண்டைத் தேடக் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும். ஓடைக்கு அந்தக் கரையில் மாட்டிக்கொண்டவர்கள் இந்தக் கரைக்குத் தாண்டி வர முயற்சி செய்யக் கூடாது. அங்கேயே மேட்டில் நிற்க வேண்டும். வெள்ளம் வடியும் வரை காத்திருக்க வேண்டும்.

வெள்ளம் வந்தால் வனத்துறை அருவிக்குத் தடை போடும். "200 மைல் தூரம் வந்திருக்கிறோம், ஒரு முழுக்கு மட்டும் போட்டுவிட்டு வருகிறோம்" என்று காவலரிடம் கெஞ்சுகிறவர்கள் உண்டு. சிலர் அதட்டவும் செய்கிறார்கள். காவலர் மனம் இளகாமல் இருக்க வேண்டும். அவருக்குக் கோபக்காரர் என்ற பெயர் வந்தாலும் பரவாயில்லை.

வருசநாட்டு மலைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். அருவியில் தண்ணீர் வேண்டும், வெள்ளம் கூடாது என்றால் மழை ஓய்ந்த மார்கழி, தையில் போவது நல்லது. பங்குனி, சித்திரையில் போனால் பாறைதான் இருக்கும்.

காலால் நடந்தால் காடு தெரியும்

அருவியையும் தாண்டி ஒரு ஆனந்தம் உண்டு. அது நடை.

2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் தமிழக அரசு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள். இணையத்தில் பணம் கட்டிப் பதிவு செய்துகொண்டால், பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூட வருவார்கள். வழிகாட்டிகளில் மலைவாசி இளைஞர்களும் மலையடிவார இளைஞர்களும் இருக்கிறார்கள். அந்தத் தடங்களில் ஒன்று சின்னச்சுருளியிலிருந்து தென்பழனிக்குப் போகும் தடம். மோட்டாருக்கு இல்லாத வழி காலுக்கு இருக்கிறது! கடமலைக்குண்டு வாசலில் நுழைந்து சின்னமனூர் வாசல் பக்கம் வெளியே வரலாம்.

"நடக்கப் பணமா? வழி தெரிந்தவன் ஒருவன் இருந்தால் நாமே போய்விடலாமே" என்று கேட்பார்கள். குரங்கணியை மறந்தவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

குரங்கணி இதே தேனி மாவட்டம். போடிக்கு மேலே உள்ள மலை. 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, மலையேறப் போயிருந்த ஆண்களும் பெண்களும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். கோடைக்காலம். புல் காய்ந்து கிடந்தது. காற்று வேறு. தீ பிடித்தது. காட்டுத் தீ மேடேறும்போது மனிதனைவிட வேகமாக ஓடும். கீழே எரியும் நெருப்பு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடும். அதனால் அது எளிதில் பற்றிக்கொள்ளும். எந்தப் பக்கம் ஓடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. 23 உயிர்கள் பலியாயின. படித்தவர்கள், உத்தியோகம் பார்த்தவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்களும் அவர்களில் இருந்தார்கள். தமிழ்நாடே அழுதது.

அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனியாக விதிகள் வந்தன. காட்டுத் தீக் காலத்தில் இப்போது தடங்களை மூடிவிடுகிறார்கள். மூடினால் மூடியதுதான். அங்கே சிபாரிசு கடிதம் செல்லக் கூடாது.

வழிகாட்டி இருந்தால் இன்னொரு லாபம் உண்டு. மற்றவர்களுக்கு மரமாகத் தெரிவது அவருக்கு மிருகமாகத் தெரியும்! "மேலே பாருங்க" என்று கையைக் காட்டுவார். உச்சாணிக் கொம்பில் மலை அணில் உட்கார்ந்திருக்கும். வாலோடு சேர்த்து அளந்தால் சுமார் இரண்டு முழம் இருக்கும். பிடரி மயிரோடு கறுப்புக் குரங்கு ஒன்று எட்டிப் பார்க்கும். அதுதான் சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் அது கிடையாது. தலைக்கு மேலே ரெயில் எஞ்சின் போல "புஸ், புஸ்" என்று சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். இருவாச்சிப் பறவையின் சிறகுச் சத்தம் அது. மழைக்காலமானால் அட்டை காலில் ஏறும். பிடுங்கி இழுக்காமல் கொஞ்சம் உப்பைத் தொட்டு வைத்தால் தானே விழுந்துவிடும்.

இவை எல்லாம் கண்ணில் பட வேண்டுமானால் ஒரே ஒரு நிபந்தனை. வாயை மூடிக்கொண்டு போக வேண்டும். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டை அலற விட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு அணில்கூடத் தரிசனம் கொடுக்காது. பாட்டுத்தான் கேட்க வேண்டும் என்றால் வீட்டிலேயே கேட்கலாமே. பெட்ரோல் செலவு மிச்சம்!

ஏழைக்கு ஒரு நியாயமா?

2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டையும் மேகமலைக் காட்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அது 5-வது. பரப்பு 1,016 சதுர கிலோ மீட்டர். புலியைக் காப்பதற்காக மட்டும் அல்ல; வைகையின் தலைமாட்டைக் காப்பதற்காகவும்தான். மரம் இருந்தால் மண் மழைநீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மரம் போனால் மழை பெய்த அன்றைக்கு வெள்ளம், மறுநாள் மணல். மூல வைகையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை.

அந்த மலைக்குள்ளே பல காலமாகக் குடியிருந்து விவசாயம் செய்யும் குடும்பங்கள் உண்டு. காட்டை விட்டு வெளியேறச் சொல்லுகிறது வனத்துறை. "எங்கே போவது?" என்று அவர்கள் போராடுகிறார்கள். கோர்ட்டுக்கும் போயிருக்கிறார்கள். அந்த வழக்கின் நியாயத்தைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் ஒன்று கேட்கலாம் அல்லவா?

காடு கெடும் என்று சொல்லி, கொட்டை முந்திரி பறித்துக் கஞ்சி குடிக்கும் ஏழையை வெளியேறச் சொல்லுகிறார்கள். அதே காட்டுக்குக் காரில் வந்து, மது குடித்து, பாட்டிலைப் பாறையில் அடித்து உடைத்துவிட்டுப் போகிறவனுக்கு மட்டும் "வருக, வருக" என்று வரவேற்பா? உடைந்த கண்ணாடி யானையின் காலில் ஏறினால் அது நடக்க முடியாமல் பட்டினி கிடந்து சாகும். பாலித்தீன் பையை மான் தின்றால் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். ஒரு தடவை வீசும் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் 2019-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை இருக்கிறது. தடை காகிதத்தில் இருக்கிறது. பை அருவிக்கரையில் இருக்கிறது!

அபராதம் போட வேண்டும். 100 ரூபாய் அல்ல. திரும்பிப் போக பெட்ரோலுக்கு யோசிக்கும்படியாகப் போட வேண்டும். சோதனைச் சாவடியில் உள்ளே போகும்போது எத்தனை பாட்டில் என்று எண்ண வேண்டும். திரும்பும்போது அத்தனையும் காட்ட வேண்டும். தண்ணீர் பாட்டில் என்றாலும் அப்படித்தான்.

அடிவாரத்துக்கு என்ன கிடைக்கிறது?

மதுரையிலிருந்து ஒரு குடும்பம் புறப்படுகிறது. சோறு வீட்டில் சமைத்தது. பெட்ரோல் மதுரையில் போட்டது. நொறுக்குத் தீனி தேனியில் வாங்கியது. குளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கடமலைக்குண்டுக்கும் கோம்பைத்தொழுவுக்கும் மிஞ்சுவது என்ன? எச்சில் இலையும் வேன் கிளப்பிய புழுதியும்தான்.

இது மாற வேண்டும். அதற்குப் பெரிய ஓட்டல் வேண்டாம். ரோப் கார் வேண்டாம். வேண்டியது வேறு.

பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். நனைந்த புடவையை மாற்ற மறைவான அறை வேண்டும். அந்த அறைக்குக் கதவும், கதவுக்குத் தாழ்ப்பாளும், தாழ்ப்பாள் கெட்டால் சரி செய்ய ஒரு ஆளும் வேண்டும். சுற்றுலா என்ற பெயரில் கோடிக்கணக்கில் செலவு செய்கிற அதிகாரிகள் இந்தத் தாழ்ப்பாளைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஒரு குடும்பம் திரும்ப வருமா வராதா என்பதை முடிவு செய்வது அருவியின் அழகு அல்ல. வீட்டுப் பெண்கள் பட்ட அவஸ்தை.

கார் இல்லாதவர்களும் அருவி பார்க்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமைகளில் தேனியிலிருந்தும் ஆண்டிபட்டியிலிருந்தும் கோம்பைத்தொழுவுக்குத் தனி பஸ் விடலாம். வேன் குறையும். கூலிவேலை செய்கிறவரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்.

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு அடிவாரத்தில் கடை கொடுக்கலாம். வெளியிலிருந்து சோறு கொண்டு வராமல் அங்கேயே வாங்கி, அங்கேயே தின்று, இலையை அங்கேயே தொட்டியில் போடலாம். இளநீருக்குக் குறைவு இல்லாத ஊர். வறுத்த முந்திரி ஒரு பொட்டலம். இலவம் பஞ்சுத் தலையணை ஒரு ஜோடி. கொடைக்கானலுக்குப் போனால் வாங்குகிற தைலமும் சாக்லேட்டும் மதுரைக் கடையிலேயே கிடைக்கும். விளைந்த ஊரிலேயே அடைத்த பஞ்சுத் தலையணை எல்லாக் கடையிலும் கிடைக்குமா?

அருவிக்கு வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தந்த ஊராட்சிக்கே போக வேண்டும். குப்பையை வாருகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்குக் கூலி வேறு எங்கிருந்து வரும்?

எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ள எச்சரிக்கை. இதற்கு லட்சக்கணக்கில் மெஷின் வாங்க வேண்டும் என்று யாராவது சொல்லுவார்கள். வாங்கட்டும். அது வந்து சேரும் வரை ஒரு சுலபமான வழி இருக்கிறது. மலை உச்சியில் மழை பெய்தால் முதலில் பார்க்கிறவர்கள் யார்? மேலே குடியிருக்கும் அந்தக் குடும்பங்கள்தான். எந்த ஓடையில் எவ்வளவு தண்ணீர் வந்தால் அருவி எப்படி மாறும் என்பது அவர்களுக்குப் பாடம் படிக்காமலே தெரியும். அவர்களில் நாலு பேருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, கையில் ஒரு வயர்லெஸ் கருவியையும் கொடுத்து வைக்கலாம். மேலே மழை இறங்கியதும் அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கீழே காவலர் விசில் ஊத வேண்டும். தண்ணீர் வந்து சேருவதற்குள் கடைசிக் குழந்தையும் மேட்டுக்கு ஏறியிருக்கும். ஒரு படகு வாங்கும் பணத்தில் இதைப் பல வருஷம் நடத்தலாம்.